ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டா லாரி பலமாயிடுமா?

நாமக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முட்டையும் ஆஞ்சநேயர் கோயிலும்தான் ஞாபகம் வரும். லாரிக்காரர்களுக்கு அது வேறு ஊர். வெறும் சேஸாக வந்து நிற்கிற வண்டிக்கு பாடி கட்டி, பெயின்ட் அடித்து, பூசை போட்டு ரோட்டுக்கு அனுப்புகிற ஊர். சங்ககிரி, திருச்செங்கோடு என்று இந்தப் பக்கம் பூராவும் பட்டறைகள்தான். இந்தக் கைவேலைக்கு இந்தியா முழுக்கப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் கெடுப்பதற்கென்றே ஒரு பழக்கமும் கூடவே இருக்கிறது. புது வண்டி முதல் லோடு ஏற்றுவதற்கு முன்னாடியே ஓனர் சொல்லுவார்: "கமான்ல ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டு உட்ருங்ணா."

அவ்வளவுதான், லாரி பலமாகிவிட்டதாம்!

கமான் பட்டை மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் மரியாதைக்குக் காரணம் இருக்கிறது. பழைய லாரிப் பட்டையில் அடித்த அரிவாள் லேசில் மழுங்காது. நல்ல எஃகு. யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓவர்லோடில் முதலில் விரிசல் விடுவது பட்டையாகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லையே!

கணக்கைப் பாருங்கள். ஒரே தடிமனுள்ள 9 பட்டை இருக்கும் கட்டில் முழு நீளத்துக்கு இன்னும் 2 பட்டை சேர்த்தால் விறைப்பு சுமார் 22 சதவீதம் கூடும். எண்ணிக்கையைக் கூட்டாமல் தடிமனைக் கூட்டினால் இன்னும் மோசம். 10 மி.மீ. பட்டைக்குப் பதில் 12 மி.மீ. பட்டை போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு 1.7 மடங்குக்கு மேல் போய்விடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. ஸ்பிரிங் என்பதே குழியில் விழும் அடியை வளைந்து வாங்கிக்கொள்ளத்தான். அது வளைய மாட்டேன் என்றால் அடி எங்கே போகும்? ஷாக்கிள், ஹாங்கர் பிராக்கெட் வழியாக நேரே சேஸுக்கு. அதுவும் லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது பாருங்கள், வண்டி ஓடாது, குதிக்கும்.

அந்த சேஸ் என்ன என்று தெரிந்துகொண்டு தொட்டாலாவது பரவாயில்லை. இரண்டு பக்கமும் ஓடுகிற நீளச் சட்டம், 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்த மாதிரி வடிவம். லோடு ஏறி நடுவில் தொய்யும்போது மேல் உதடு நசுங்கும், கீழ் உதடு இழுபடும். நடுச் சுவரின் மத்தியில் மட்டும் இந்த இழுவிசை மிகக் குறைவு. கம்பெனி தன் பிராக்கெட்டுகளைப் பெரும்பாலும் இந்த நடுச்சுவரில் ரிவெட் அடித்தோ போல்ட் போட்டோ மாட்டுவது இதனால்தான். கம்பெனிக்காரனுக்கு வெல்டிங் வைக்கத் தெரியாதா என்ன?

நம் பட்டறைகள் சிலவற்றில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஹெல்பர் ஸ்பிரிங்குக்குத் தாங்கி வைக்க வேண்டுமா, கீழ் உதட்டிலேயே கேஸ் கட்டரில் ஒரு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு பிசிறுபிசிறாக இருக்கும், விரிசல் அங்கேயே பிள்ளையார் சுழி போடும். இல்லாவிட்டால் உதட்டின் குறுக்கே ஒரு வெல்டிங். சேஸ் இரும்பு அதிக இழுவலிமை உள்ள எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் குணம் மாறிவிடுகிறது. பற்று முடிகிற இடத்தில்தான் பிளக்கும். வெல்டிங் வைத்த இடத்தில் அழுத்தம் 25 சதவீதம் கூடினால் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகிறது என்பது பொறியியலில் பழைய கணக்கு. இப்போதைய பிஎஸ் 6 வண்டியில் பேட்டரியையும் ஈசியுவையும் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து போகலாம். அது தனி தண்டச் செலவு :-)

யூ போல்ட் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. பட்டை சேர்ந்தால் கட்டின் உயரம் கூடும், பழைய யூ போல்ட் எட்டாது. அதையே இழுத்து, நட்டுக்கு மரை பத்தியும் பத்தாமலும் மாட்டுகிறார்கள். புதுசு போட்டு, டார்க் ரெஞ்சில் முறுக்கி, கொஞ்ச தூரம் லோடோடு ஓடியபின் திரும்ப முறுக்கவேண்டும். அது தளர்ந்தால் பாரமெல்லாம் சென்டர் போல்ட் தலையில். சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் நகர்ந்து வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். பின்னாடி வருகிற பைக்காரனுக்கு இது தெரியுமா?

"ரோடு சரியில்லை, வாடகை கட்டுபடி ஆகலை, எல்லாரும்தான் ஏத்தறாங்க" என்பார்கள். வாடகை கட்டவில்லை என்பது உண்மை. பத்து டன் வாடகையில் பதினைந்து டன் அனுப்பப் பார்க்கும் சரக்குக்காரரை யாரும் கேட்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் 2018 ஜூலையில் மத்திய அரசே நாலு டயர் ஆக்சிலுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், மூன்று ஆக்சில் லாரியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் கூட்டிக் கொடுத்தது. அப்புறமும் பட்டை ஆசை போகவில்லையே? 2019 செப்டம்பரிலிருந்து ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், மேற்கொண்டு ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று கேரள வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. பட்டை சேர்த்ததால் ஆர்.சி. புத்தகத்தில் ஒரு கிலோ கூட ஏறாது. பிரேக் டிரம்மும் டயரும் ஆக்சிலும் பழையதுதான். தொப்பூர் இறக்கத்தில் வண்டியை நிறுத்தவேண்டியது பிரேக், பட்டை அல்ல.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைக் காட்டி வாதம் செய்பவர்களும் உண்டு. அது வேறு விஷயம் சாமி! ரிக்கும் கம்ப்ரசரும் ராத்திரி பகல் இறங்காத பாரம். அதற்கு முறையாக சப் ஃபிரேம் வைத்து, பாரத்தைச் சேஸின் நீளத்துக்கும் பரப்பி, அந்த சப் ஃபிரேமின் முன் முனையைச் சரிவாகச் சீவி வைக்கவேண்டும். மொட்டையாக வெட்டி நிறுத்தினால் சேஸ் அந்த முனையிலேயே முறியும். கவனமாகச் செய்கிற பட்டறைகள் இதே ஊரில்தான் இருக்கின்றன. ஆக, தெரியாமல் நடக்கிற தப்பு இல்லை இது.

பேரேட்டில் பார்த்தால் இன்னும் வேடிக்கை. கூடுதல் லோடில் வந்த வாடகை அன்றைக்கே வரவில் ஏறிவிடுகிறது. வாடகை லாரிக்கு வருமான வரிக் கணக்கில் வருஷம் 30 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். கீழ் உதட்டில் ஓடுகிற விரிசலுக்கு எந்தப் பத்தியும் கிடையாது. அது மூன்றாவது வருஷம் சேஸ் மாற்றுகிற செலவாக, இல்லாவிட்டால் டிரைவர் வீட்டுக்குப் போகிற தந்தியாக வரும். (தந்தியை 2013லேயே நிறுத்திவிட்டார்கள், இப்போது போன்.)

பட்டறை பில்லில் 'பாடி வேலை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களே, அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள். எத்தனை பட்டை, என்ன தடிமன், சேஸில் எங்கே ஓட்டை, எங்கே வெல்டிங், யூ போல்ட் புதுசா பழசா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். ஓனரும் 'நான்தான் கேட்டேன்' என்று பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும். நகல் ஒன்று டிரைவர் கையில்.