பொங்கல் வெல்லமும் வியாபாரிகளின் பொறுப்பும்

மார்கழி பிறந்துவிட்டால் நமது மளிகைக் கடைகளில் வெல்லம், பச்சரிசி, சிறுபருப்பு, மஞ்சள்தூள் விற்பனை சூடுபிடித்துவிடும். மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வருடம் முழுவதும் கருப்பட்டிக் காப்பி குடிக்கிற வீட்டில்கூட, பொங்கல் பானைக்கென்று வெல்லம் வாங்குவார்கள். அந்த வெல்லத்தைப் பற்றி வியாபாரப் பெருமக்களுடன் சில விஷயங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் இயல்பாக வருவது பழுப்பு நிறம். ஆனால் பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்துக்குத்தான் சந்தையில் கூடுதல் விலை. அதனால் ஆலைக்காரர்களில் சிலர் 'ஹைட்ரோஸ்' எனப்படும் சோடியம் ஹைட்ரோ சல்பைட்டை அளவுக்கு மீறிப் போட்டு வெளுக்க வைக்கிறார்கள். சீனியையும் கலக்கிறார்கள். பொங்கலை ஒட்டிச் சேலம் மாவட்டத்து வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனையிட்டு இத்தகைய சரக்கைப் பறிமுதல் செய்வது பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மிஞ்சினால், இளைப்பு நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும்.

"ஆலைக்காரர் செய்ததற்கு நாம் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கலாம். 2006-ம் வருடத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, தரக்குறைவான பொருளை விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை போகலாம். அதே சட்டத்தின் 26-வது பிரிவு நமக்கு ஒரு பாதுகாப்பையும் தருகிறது. சரக்கு விற்பவர் வியாபாரிக்குக் கொடுக்கும் பில்லே தரத்துக்கான எழுத்துப்பூர்வமான உத்தரவாதமாகக் கருதப்படும். ஆகவே துண்டுச் சீட்டில் சரக்கு எடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நான் மொத்த வியாபாரி என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்: பில் தராத மொத்தக் கடையில் ஒரு சிப்பம்கூட எடுக்காதீர்கள்.

பழுப்பு வெல்லத்தை வைத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் நியாயமானதுதான். ஒரு கடைக்காரர் மட்டும் மாறினால் நஷ்டம் அவருக்கே. எல்லோரும் சேர்ந்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசத்து மஞ்சள் வியாபாரம் உதாரணம். அங்கே 1980-களில் வெள்ளத்தில் நனைந்து மஞ்சள் நிறம் மங்கியபோது, பளபளப்புக்காக ஈயக் குரோமேட் என்ற சாயத்தைப் பூசத் தொடங்கினார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக் கூடியது. 2019-ல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு அந்த வருடம் மொத்தச் சந்தையில் நடவடிக்கை எடுத்து, வியாபாரிகளையும் மக்களையும் எச்சரித்தது. 2021-ல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட ஈயம் இல்லை. இரண்டே வருடங்களில் நடந்த மாற்றம் இது.

நாமும் செய்யலாம். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்தால் சுண்ணாம்புத்தூள் கலப்பு அடியில் தங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஹைட்ரோஸ் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பரிசோதனைதான் வழி. பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. பொருளை வாங்கும் எவரும், வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் கட்டி அதைப் பரிசோதிக்க 40-வது பிரிவு இடம் தருகிறது. நமது சங்கம் கார்த்திகை மாதத்திலேயே, இந்த வட்டாரத்துக்கு வரும் வெல்லத்திலும் மஞ்சள்தூளிலும் சில மாதிரிகளை அங்கே கொடுத்துப் பார்க்க வேண்டும். கட்டணத்தைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம். முடிவைப் பார்த்து, தேறாத சரக்கை உறுப்பினர் எவரும் எடுப்பதில்லை என்று தீர்மானம் போட வேண்டும். மொத்தக் கடைகள் ஒப்புக்கொண்டால் சில்லறைக் கடைகளுக்குச் சிரமம் குறையும்.

கடையில் செய்ய வேண்டியது சிறிய வேலை. பழுப்பு வெல்லத்தை முன்வரிசையில் வைத்து, ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. நிறத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் காசுக்குக் கொஞ்சம் சிறுபருப்போ, சிறுகிழங்கோ வாங்கினால் பண்டிகைச் சாப்பாட்டில் சத்தும் சேரும், பையில் காசும் மிஞ்சும். இதைக் கடைக்காரர் வாயால் கேட்டால் நமது ஜனங்கள் நம்புவார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இந்தப் பரிசோதனைத் தீர்மானத்தைக் கொண்டுவர உறுப்பினர்கள் ஆதரவு தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.