ஏழு இடங்களும் ஒரு மணித்தியாலமும்

பத்தாம் தரத்தில் படிக்கும்போது எங்கள் வகுப்பு மலைநாட்டுக்குச் சுற்றுலா போனது. கல்முனையிலிருந்து நள்ளிரவில் பஸ் புறப்பட்டது. இரண்டு நாட்களில் ஏழு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் இறங்குவதும், வரிசையாக நின்று படம் எடுப்பதும், "ஏறுங்க, ஏறுங்க, நேரம் போகுது" என்ற சத்தம் கேட்டதும் ஓடி வந்து ஏறுவதுமாகவே அந்த இரண்டு நாட்களும் கழிந்தன. வீடு திரும்பியபோது, அனுமதி வாங்கிக் கொண்டுபோன போனில் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன.

மறுநாள் உம்மம்மா கேட்டார்: "மலை எப்பிடி மகள் இருந்திச்சி?"

"பெரிசா, பச்சையா, நல்ல வடிவா இருந்திச்சி உம்மம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை நீட்டினேன். அவருக்குக் கண்பார்வை குறைவு. போனைத் தள்ளிவிட்டு, "நீங்க சொல்லுங்க மகள்" என்றார். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. ஏழு இடங்களுக்குப் போய் வந்தவளுக்கு ஓர் இடத்தைப் பற்றிக்கூட நாலு வசனம் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு, உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் பதினான்கு பேர் அதே மலைநாட்டுக்குப் போனோம். இம்முறை டீச்சர் ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொருவரும் நீர்வர்ணப் பெட்டி ஒன்று, இரண்டு தூரிகை, தண்ணீர்ப் போத்தல், பழைய துணித்துண்டு, தபாலட்டை அளவில் வெட்டிய தடித்த தாள்கள் கொண்டுவர வேண்டும். ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன தோட்டத்துக்குப் போகும் வீதியோரத்தில் ஒரு மணித்தியாலம் உட்கார வேண்டும். அந்த நேரம் முடியும்வரை யாரும் போனைத் தொடக் கூடாது. எங்களில் பலருக்கு முகம் சுருங்கியது. எனக்கும்தான்.

அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு என்ன கற்றுத் தந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இனிமேல் நம் பாடசாலைச் சுற்றுலாக்கள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்தவுடன் அதில் இருந்த பச்சையை எடுத்து மலை முழுவதும் பூசினேன். பார்க்கப் பிளாஸ்டிக் பாய் மாதிரி இருந்தது. டீச்சர் பின்னால் வந்து நின்று, "அங்க எத்தனை பச்சை இருக்கு, எண்ணிச் சொல்லுங்க" என்றார். எண்ணினேன். பக்கத்துத் தேயிலைக் கொழுந்து மஞ்சள் கலந்த பச்சை. அதன் கீழே முற்றிய இலை கறுப்புக்குக் கிட்டிய பச்சை. அடுத்த மலை சாம்பல் பச்சை. அதற்கு அப்பாலுள்ள மலை பச்சையே இல்லை, நீலம். அதற்கும் அப்பாலுள்ளது வானத்தோடு கரைந்துபோன வெளிர் நீலம். தூரம் கூடக்கூட நமக்கும் மலைக்கும் இடையில் காற்று கூடுகிறது. அந்தக் காற்றில் சிதறும் ஒளிதான் தூரத்து மலையை நீலமாகவும் மங்கலாகவும் காட்டுகிறது. விஞ்ஞானப் பாடத்தில் ஒளிச்சிதறல் படித்துப் புள்ளியும் எடுத்திருக்கிறேன். ஆனால் அது என் கண்ணுக்கு முன்னால் நடப்பதை அன்றுதான் பார்த்தேன்.

நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். வர்ணம் கண்ணாடி போல ஒளியை ஊடுருவ விடும். அதனால் வெளிச்சமான இடத்தை முதலிலேயே தீர்மானித்து, அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். பிறகு வெளிறியதில் தொடங்கி அடர்ந்ததை நோக்கிப் போக வேண்டும். அவசரப்பட்டுப் பூசிவிட்டால் திரும்ப எடுப்பது கடினம். முதல்நாள் இராவணா நீர்வீழ்ச்சியில் இதைத் தெரியாமல் அருவிக்கும் நீலம் பூசிவிட்டு நின்ற என் தோழி, அடுத்த தாளில் பாறையை மட்டும் வரைந்தாள். நடுவில் அவள் விட்டுவைத்த வெற்றுத்தாள் அருவியாகக் கொட்டியது.

தாள் காய்வதுகூட ஒரு பாடம். எங்கள் ஊர் வட்டையில் பங்குனி வெயிலில் வரைந்தால் தூரிகை தாளின் மறுமுனைக்குப் போவதற்குள் இம்முனை காய்ந்துவிடும். ஹப்புத்தளையில் மூடுபனி ஏறி வந்தபோது தாள் காயவே மறுத்தது. மலைக்குப் பூசிய நீலம் மெல்ல வானத்துக்குள் கசிந்தது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். எதிரே மலையும் அப்படித்தான் வானத்துக்குள் கசிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தின் ஈரக் காற்று தானாகவே என் தாளுக்குள் வந்திருந்தது.

ஆனால் அன்று நான் கற்ற பெரிய பாடத்தை மலையும் தரவில்லை, டீச்சரும் தரவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு அவ்வழியாக வந்த ஒரு தாய் எங்கள் பின்னால் நின்று பார்த்தார். என் தாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா எங்க லயத்தக் காணோமே?" என்றார்.

மலைச்சரிவின் நட்டநடுவில், தகரக் கூரையோடு ஒரு லயம் நீளமாகக் கிடந்தது. அதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தும் விட்டுவிட்டேன். துருப்பிடித்த கூரை படத்தின் அழகைக் கெடுக்கும் என்று நினைத்து, அது இருந்த இடத்திலும் தேயிலையையே பூசியிருந்தேன். அவர் கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் தலை குனிந்தது. பத்தாம் தரத்தில் எடுத்த முந்நூறு படங்களிலும் நான் இதையேதான் செய்திருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. என் முகத்துக்குப் பின்னால் அழகான பச்சை வேண்டும். அந்தப் பச்சையை உண்டாக்கிய மக்களின் வீடு வேண்டாம்.

இரண்டாவது தாளை எடுத்தேன். லயத்தை வரைவதற்காக அதன் கதவுகளை எண்ணினேன். கூரையின் துருவுக்குச் செம்மண் நிறத்தில் கொஞ்சம் நீலம் கலக்க வேண்டியிருந்தது. அடுப்புப் புகை, கொடியில் காயும் உடுப்புகள், தேயிலைக்குள் வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. படத்தில் ஓர் ஆளைக்கூட நான் வரையவில்லை. ஆனாலும் அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது அதைப் பார்க்கும் எவருக்கும் தெரியும்.

போனில் படம் எடுப்பதற்கு நான் எதிரி அல்ல. அதற்குரிய பயன் அதற்கு உண்டு. ஆனால் படம் எடுக்க ஒரு கணம் போதும். அந்த ஒரு கணத்தில் நாம் காண விரும்பியதை மட்டுமே காண்கிறோம். ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால், காண விரும்பாததும் கண்ணில் படுகிறது.

உம்மா பிறந்து வளர்ந்த வீடு எங்கள் ஊர்க் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் அதை அள்ளிக்கொண்டு போனது. இன்று அந்த இடத்தில் அத்திவாரத்தின் ஒரு மூலை மட்டும் மணலுக்கு மேலே தெரிகிறது. "வாசலில் என்ன மரம் நின்றது உம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "பூவரசு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல, வேம்போ?" என்றார். பிறகு பேசவில்லை. அல்பங்களும் வீட்டோடு போய்விட்டன. யாராவது அந்த வாசலை வரைந்து வைத்திருந்தாலும் அந்தத் தாளும் போயிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மரத்தை ஒரு மணித்தியாலம் இருந்து வரைந்தவர் அது பூவரசா வேம்பா என்று மறக்கமாட்டார். தாள் போனாலும் பார்த்தது போகாது.

இனிப் பெற்றோருடன் கொஞ்சம் பேச விரும்புகிறேன். உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியும். அவை என் வீட்டிலும் இருந்தன.

"சித்திரம் நமக்குக் கூடுமா?" என்பது முதல் கேள்வி. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி நம் உலமாக்கள் எச்சரித்திருப்பதை நாம் அறிவோம். அதே வேளை, படம் வரைவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் வந்து கேட்டபோது, மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழிகாட்டியது புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. டமஸ்கஸ் உமையா பள்ளிவாசல் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீபா வலீத் காலத்தில் கட்டப்பட்டது. அதன் சுவர்களில் ஆறும், மரங்களும், மாளிகைகளும் சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டுகளால் பதிக்கப்பட்டுள்ளன. மனிதரும் இல்லை, மிருகங்களும் இல்லை. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்றும், வானம் எப்படி உயர்த்தப்பட்டது, மலைகள் எப்படி நாட்டப்பட்டன என்று கவனியுங்கள் என்றும் அல்குர்ஆன் நம்மை அழைக்கிறது. பஸ் யன்னலால் எட்டிப் பார்ப்பது அந்த அழைப்புக்கு முழுமையான பதிலாகுமா?

"பொம்பிளைப் பிள்ளைகள் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருப்பதா?" என்பது அடுத்தது. நாங்கள் பதினான்கு பேர், இரண்டு ஆசிரியைகள், ஒரு தாய். எல்லோரும் ஒரே இடத்தில், வீதியை விட்டுத் தள்ளி, தொழுகை நேரத்தைக் கணக்கில் எடுத்து உட்கார்ந்தோம். நெரிசல் மிகுந்த ஏழு இடங்களில் ஓடித் திரிவதை விட, ஓரிடத்தில் கூட்டாக இருப்பது பாதுகாப்பானது என்றுதான் எங்களோடு வந்த அந்தத் தாய் பிறகு சொன்னார்.

"இதால் பரீட்சைக்கு என்ன பிரயோசனம்?" என்றும் கேட்பார்கள். சாதாரண தரம் முடிந்ததும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். எல்லோரும் ஓவியராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வைத்தியராகப் போகிறவளுக்கும், ஆசிரியையாகப் போகிறவளுக்கும், வீட்டைக் கவனிக்கப் போகிறவளுக்கும் பொறுமையாகப் பார்க்கும் கண் தேவை. லயத்தை விட்டுவிட்டுத் தேயிலையை மட்டும் பார்க்கும் கண் எந்தத் தொழிலுக்கும் ஆபத்தானது.

ஒரு விடயம் என் மனதை உறுத்துகிறது. கொன்ஸ்டன்ஸ் கோர்டன் கமிங் என்ற ஸ்கொட்லாந்துப் பெண்மணி 19ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டுக்கு வந்து, இரண்டு வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றி நீர்வர்ணத்தில் நிலக்காட்சிகளை வரைந்தார். 1892இல் அந்தப் பயணத்தைப் பற்றி நூலும் வெளியிட்டார். வசதியும் ஆட்சியாளரின் விருந்தோம்பலும் அவருக்கு இருந்தன. நமது மூதாட்டிகளுக்கு அவை இருக்கவில்லை. அது அவர்கள் குற்றமல்ல. ஆனால் இந்த நாட்டின் மலைகளையும் களப்புகளையும் ஒரு கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்ணின் கண் எப்படிக் கண்டது என்று நாளை யாராவது தேடினால், நாம் எதைக் காட்டுவோம்?

தங்கைகளே, தொடங்குவதற்கு மலைநாடு வரை போகத் தேவையில்லை. சம்மாந்துறை வட்டையில் நெல் பழுக்கும்போது போய்ப் பாருங்கள். ஒலுவில் வெளிச்சவீட்டை அஸருக்குப் பிறகு பாருங்கள். விலை கூடிய பெட்டி வேண்டாம். பன்னிரண்டு வர்ணப் பெட்டி போதும். மஞ்சள், நீலம், சிவப்பு மூன்றையும் கலக்கப் பழகினால் அதிலும் பாதி தேவைப்படாது. பணம் செலவழிப்பதானால் தாளுக்குச் செலவழியுங்கள். சாதாரண சித்திரக் கொப்பித் தாள் தண்ணீர் பட்டதும் சுருங்கி அலை அலையாக எழும். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தாளில் ஒன்றை வாங்கினால் பல தபாலட்டைகளாக வெட்டிக்கொள்ளலாம். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் முதலில் பென்சிலால் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துவிட்டு, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். முதல் பத்துப் படங்கள் சேறாகத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தன.

ஹப்புத்தளையிலிருந்து வந்த இரவு உம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மலை எப்படி என்று அவர் கேட்பதற்கு முன்னரே சொல்லத் தொடங்கிவிட்டேன். நீலமாகக் கரையும் மலைகளை, மூடுபனியை, லயத்தை, அந்தத் தாயைப் பற்றிச் சொன்னேன். "லயத்துக்கு எத்தனை கதவு மகள்?" என்று கேட்டார். "பன்னிரண்டு" என்றேன். இம்முறை போனை நீட்டவில்லை.

எனவே பாடசாலை நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த சுற்றுலாவுக்கு அட்டவணை போடும்போது ஏழு இடங்களில் இரண்டை வெட்டிவிடுங்கள். அந்த நேரத்தை ஓரிடத்தில் உட்கார எங்களுக்குத் தாருங்கள். வர்ணப் பெட்டியை நாங்கள் கொண்டு வருகிறோம்.