கண்ணாடிப் பெட்டிக்குள் கார்

பழைய கார்களைப் பந்தயத்தில் ஓட்டுவது மகாபாவம் என்று சொல்லும் கட்சி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் குட்வுட் என்ற இடத்துப் பந்தயப் பாதை 1966-ல் மூடப்பட்டு, 1998-ல் மறுபடி உயிர்பெற்றது. அங்கே செப்டம்பர் விழாவில் அறுபதுகளின் சலூன் கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. (சலூன் என்றதும் முடிவெட்டும் கடை ஞாபகம் வரவேண்டாம், கூரை போட்ட குடும்பக் கார்தான்.) ஒரு மட்கார்டு நசுங்கினால் போதும், "ஐயோ, அரும்பொருள்! கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டாமா?" என்று இவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

அரும்பொருளாமே! சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்த நாட்டில், நாலு பேர் சிக்கனமாய்ப் போக அலெக் இஸிகோனிஸ் வரைந்த வண்டி மினி. 1959-ல் வெளிவந்தது. பத்தடி நீளம், பத்தங்குலச் சக்கரம். காய்கறி வாங்கப் போகிற அந்த வண்டியில் ஏறித்தான் 1961-ல் ஜான் விட்மோர் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் ஆனார். 1963-ல் உலக சாம்பியனான ஜிம் கிளார்க், மறு வருஷமே லோட்டஸ் கார்ட்டினாவில் அதே பட்டத்தை வென்றார். வளைவில் அதன் முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நிற்கும். ஏழு லிட்டர் எஞ்சினுள்ள அமெரிக்க ஃபோர்டு கேலக்ஸி நேர்பாதையில் இடிபோல் முந்தும். வளைவு வந்ததும் சுண்டெலி மாதிரி மினி அதன் பக்கத்தில் நுழைந்துவிடும். வேலியோரம் நின்றவன் தன் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியையே அங்கே கண்டு கூத்தாடினான். அவனுடைய காரை ராஜாவின் கிரீடம் போலப் பூட்டிவைக்க இவர்கள் யார்?

பூட்டிவைத்தால் பிழைக்கவாவது பிழைக்குமா? ஓடாத எஞ்சினில் ரப்பர் காய்ந்து வெடிக்கும், பெட்ரோல் பிசினாகும். அதைவிட நஷ்டம், வெபர் கார்புரேட்டரின் சத்தத்தைக் கேட்டே அதைச் சரிசெய்கிற மெக்கானிக்குக்கு வேலை போய்விடும். அவனோடு அந்த வித்தையும் போய்விடும்.

இது பணக்காரர் விளையாட்டாகிவிட்டது என்கிறார்களே, அது வாஸ்தவம். அந்தப் பணக்காரர்களோடும் நமக்குச் சண்டை உண்டு. அன்றைய எஞ்சினுக்கு அன்று இல்லாத குதிரைசக்தியை இன்றைய வித்தையால் ஏற்றிவிட்டு, "இது 1965-ஆம் வருஷத்துக் கார்" என்று சாதிப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கார்ப் பந்தயத்துக்கென்றே சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் 'கே' பின்னிணைப்பு விதிகள் இருக்கின்றன. நசுங்கிய மட்கார்டுக்கு அழுகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்தயம் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கூச்சல் போடட்டுமே! நாமும் கூடச் சேர்ந்து கத்தத் தயார்.