மார்கழிப் பனியும் பன்னிரண்டு பரப்பும்

ரொறன்ரோவிலிருந்து அண்ணன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். அங்கே வாசற்படி மறையும் அளவுக்குப் பனி கொட்டிக் கிடக்கிறதாம். “உனக்கென்னடா, வெள்ளவத்தையிலை விசிறியைப் போட்டுக்கொண்டு மார்கழியைக் கழிக்கிறாய்” என்றார். பின்னர், ஒவ்வொரு வருடமும் நடப்பதைப் போல, பேச்சு எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியது. அந்த விடியற்காலை, அந்தக் கிணறு, அம்மா கொண்டுவரும் பழஞ்சோறு. அரை மணி நேரம் பேசினோம். எதற்காக அழைத்தாரோ அதை மட்டும் இருவரும் கடைசி வரையில் தொடவில்லை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பனி என்ற ஒரே சொல்லைத்தான் இருவரும் பயன்படுத்துகிறோம். அவருக்கு அது மண்வாரியால் அள்ளிக் கொட்டுவது. எங்களூரில் அது புகையிலை இலையில் படிந்து, விடியலில் காற்சட்டையை நனைத்து, ஆச்சிக்கு இருமலைக் கொண்டுவருவது.

வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் எங்களுக்குப் பன்னிரண்டு பரப்புத் தோட்டம் இருந்தது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பதைப் புலம்பெயர்ந்த தலைமுறைக்காகக் குறித்து வைக்கிறேன். ஆண்டெல்லாம் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகிறது. மீதி மாதங்களில் அதையே கிணற்றிலிருந்து இறைத்து வாழ்கிறோம். ஆகவே மாரிகாலம் என்பது எங்களுக்கு ஓய்வுகாலம் அல்ல. மழை விட்டு வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் புகையிலைக் கன்றும் வெங்காயமும் மண்ணுக்குள் போக வேண்டும்.

நான் நினைவு கூர்வது 1976ஆம் ஆண்டளவிலான மார்கழி. 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்தது. அரிசிக்கும் பாணுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் கையில் காசு புழங்கியது. எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டதும் அக்காவின் தாலிக்கொடியும் அந்த வெங்காயத்திலிருந்து வந்தவையே.

திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலித்துக்கொண்டு வீதியால் போவார்கள். அதற்கு முன்பே அம்மா எழுந்து, மாட்டுக் கொட்டிலைக் கூட்டி, பால் கறந்து, அடுப்பில் ஊமலைப் போட்டிருப்பார். அப்பா எங்களைத் தட்டி எழுப்புவார். நட்ட புதிதில் புகையிலைக் கன்று ஒவ்வொன்றுக்கும் குடத்தால் நீர் வார்க்க வேண்டும். பகல் வெயில் படாமல் குழையால் மறைக்க வேண்டும். கன்று தேறிய பிறகு இறைப்பு இயந்திரம் ஓடும். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவது சிறுவர்களாகிய எங்கள் வேலை. இலைக்கு இலை திருப்பிப் புழுப் பிடிப்பது ஆச்சியின் வேலை. சேற்றில் கால் விறைக்கும். கிணற்று நீர் மட்டும் அந்த நேரத்தில் வெதுவெதுப்பாக இருக்கும். அதில் கையை வைத்துக்கொண்டு நிற்பதற்காகவே நான் குடத்தை மெதுவாக நிரப்புவேன். ஏழரைக்கு முன் கழுவிக்கொண்டு பாடசாலைக்கு ஓட வேண்டும்.

இதில் இன்பமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பனங்கிழங்கு அவிக்கும் மணம் இருந்தது. தைப்பூசத்துக்குப் புதிர் எடுக்கும் நாள் இருந்தது. ஆனால் அப்பா ஒருநாளும் ‘நீ தோட்டத்தைப் பார்’ என்று எங்களிடம் சொன்னதில்லை. ‘படிச்சு வெளிக்கிடு’ என்பதே அவரது ஒரே கட்டளை. வெங்காயம் விற்ற காசு எங்களைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றவே செலவழிந்தது. நால்வரும் கீழ்ப்படிந்தோம்: ஒருவர் ரொறன்ரோ, ஒருவர் இலண்டன், அக்கா மெல்பேர்ண், கலைப் பட்டதாரியாகிய நான் கொழும்பில் ஒரு பத்திரிகை அலுவலகம். கொட்டாஞ்சேனையில் நால்வர் பங்கிட்ட அறையொன்றில் தொடங்கி வெள்ளவத்தையில் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். பொங்கலன்று இங்கே வாயு அடுப்பில் பொங்குகிறோம். சூரியன் எதிரேயுள்ள மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும்.

அண்ணன் தன் நினைவுகளில் ஒருவரை எப்போதும் விட்டுவிடுவார். எங்கள் தோட்டத்தில் அப்புவின் காலத்தில் துலா மிதித்தவர். இயந்திரம் வந்த பிறகு கொத்தியும் சாறியும் நாட்கூலிக்கு நின்றவர். எங்களுக்கு முன்பே அவர் பனிக்குள் இறங்கியிருப்பார். எங்களுக்கு மூக்குப்பேணி, அவருக்குத் திண்ணைக்குக் கீழே தனியாகக் கவிழ்த்து வைத்த ஒரு பேணி. அவருக்கு அரைப் பரப்புக் காணியும் கிடையாது. அவரது மகன் என் வயதினன். அவனும் தண்ணீர் மாறினான்; ஏழரைக்குப் பாடசாலைக்கு ஓடியவன் நான் மட்டுமே.

1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தில் இந்திய வெங்காயம் வந்தது. அப்பாவின் கணக்குக் கொப்பியில் சிவப்பு மை கூடியது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தது. எங்கள் தோட்டம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டபோது உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். நானும் உறுதியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். 2018இல் எங்கள் பன்னிரண்டு பரப்பு விடுவிக்கப்பட்டது. கிணறு தூர்ந்து, பற்றை ஆளுயரம் வளர்ந்திருந்தது. அன்று நால்வரும் தொலைபேசியில் அழுதோம். அதன்பின் ஏழு மாரி போய்விட்டது. பற்றை அப்படியே நிற்கிறது.

சென்ற ஆவணியில் ஊருக்குப் போயிருந்தபோது அந்த மகன் வந்து சந்தித்தான். முகாம்களிலேயே முதிர்ந்து விட்டான். காணி விடுவிப்பு என்பது காணி உள்ளவர்களுக்குத்தானே. திரும்பிப் போக ஒரு துண்டு நிலமும் இல்லாத குடும்பங்கள் பல முகாம்களில் எஞ்சின. “தம்பி, குத்தகைக்குத் தாருங்கோ, கிணற்றை நானே இறைச்சு எடுக்கிறன்” என்றான். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன் என்பதால் தம்பி என்றான் போலும். அவனுடைய தகப்பன் என் அப்பாவை அப்படி ஒருநாளும் அழைத்திருக்க முடியாது.

அக்காவும் இலண்டன் தம்பியும் சம்மதித்தார்கள். அண்ணன் மறுக்கிறார். குத்தகைக்குக் கொடுத்தால் காணி போய்விடும் என்கிறார். வெள்ளவத்தையில் இதே சொற்களை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. இருபத்தெட்டு வருடம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன் உறுதியை இறுகப் பிடித்திருப்பது இயல்பு. ஆயினும் சட்டம் அவர் எண்ணுவது போல் இல்லை. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பளித்தது என்பது மெய். அது வயலுக்கு, தோட்டத்துக்கல்ல. பத்தாண்டு ஆட்சியால் உரிமை வருவது உரிமையாளருக்கு எதிராக இருப்பவனுக்கு. நொத்தாரிசு முன்னிலையில் குத்தகை எழுதி, வருடந்தோறும் பணம் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குபவனுக்கல்ல. போரினால் வெளியேறியவர்களுக்கு எதிராக அந்தக் காலம் எண்ணப்படக் கூடாது என்பதற்காக 2016இல் தனிச் சட்டமே நிறைவேறியது. ரொறன்ரோவிலிருந்து ஓர் அற்றோணித் தத்துவம் வந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிகிற அலுவல் இது.

உண்மையான தடை சட்டமன்று என்று நான் சந்தேகிக்கிறேன். அண்ணனின் மனதில் அந்தத் தோட்டம் 1976இல் நிற்கிறது. அதில் அப்பா நிற்கிறார். வேறொருவன், அதுவும் அந்தப் பேணியில் குடித்தவரின் மகன், அங்கே வெங்காயம் நட்டால் அந்தப் படம் கலைந்துவிடும். காணியைக் காணியாக அல்ல, படமாகவே வைத்திருக்க விரும்புகிறோம். அரசாங்கம் முள்வேலிக்குள் வைத்திருந்தபோது ‘விளையும் நிலத்தைத் தரிசாக்குகிறார்கள்’ என்று பக்கம் பக்கமாக எழுதியவன் நான். இப்போது அதே நிலத்தில் அதே பற்றை. வேலி மட்டும்தான் எங்களுடையது.

நேற்று வெள்ளவத்தைச் சந்தையில் வெங்காயம் வாங்கினேன். நாலாம் குறுக்குத் தெருவிலிருந்து வந்த இந்திய வெங்காயம். யாழ்ப்பாணச் சின்ன வெங்காயம் வரவில்லையா என்று கேட்டேன். மழை விட வேண்டும் ஐயா என்றான் கடைக்காரப் பையன்.

அண்ணன் இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர். அற்றோணித் தத்துவப் பத்திரத்தைக் கார்த்திகையிலேயே அனுப்பிவிட்டேன். கையெழுத்து மட்டுந்தான் வேண்டும். விதை வெங்காயத்துக்கு முற்பணம் கொடுத்துவிட்டானாம். தை பிறந்து இரண்டு கிழமைக்குள் நட்டுவிட வேண்டும் என்கிறான்.