முதல் ரிவால்வர்

மல்லாங்கிணற்று வாலிபர்கள் சிலர், பொழுதுபோக்காகக் குறி பார்த்துச் சுடுவதற்கு முதலில் வாங்கத்தக்க ரிவால்வர் எதுவென்று நம்மை வினவுகின்றனர். இவ்வினாவைக் கேட்டு முகஞ் சுளிப்போர் உண்டு, நாம் சுளிக்கவில்லை. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியனை லைசென்ஸுக்குக் கைகட்டி நிற்கச் செய்தது. அதன் விதிவிலக்குகளோ ஐரோப்பியனைத் தடையின்றி விட்டன. ஒழுங்கு விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருத்தல் பிரஜையின் உரிமையென்று 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் தீர்மானித்ததை நம்மவர் மறத்தலாகாது. இன்று அமுலில் இருப்பது சுதந்திர இந்தியா இயற்றிய 1959-ஆம் வருஷத்துச் சட்டம். 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் கோரலாம். விசாரணைக்குப் பின்னரே அது கிட்டும்.

ஆயின், ஆயுதம் எதற்கென்பதை முதலில் தெளிதல் வேண்டும். கான்பூரில் செய்து 2014-ல் வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம். 2023-ல் வெளியான 'பிரபல்' ரிவால்வரின் குழல் நீளம் 76 மில்லிமீட்டர். இரண்டும் .32 அளவுத் தோட்டாவுக்கானவை, தற்காப்பைக் கருதியவை. மடியில் செருகுவதற்கு எது குணமோ, குறி பழகுவதற்கு அதுவே குறை. குழல் குறுகினால் முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள இடைவெளி குறுகும். கண்ணின் சிறு பிழையும் இலக்கில் பெரும் பிழையாகும். எடை குறைந்தால் உதைப்பு மிகும். உதைப்புக்கு அஞ்சிய கை, விசையை இழுக்குமுன்பே நடுங்கும். ஆகவே .22 அளவு, நீண்ட குழல், கனத்த உடல், கைக்கு அடங்கும் பிடி ஆகியவையே முதல் ரிவால்வரின் லக்ஷணங்கள். சர்வதேசப் பந்தயங்களில் 25 மீட்டர் .22 பிஸ்டலுக்கு 153 மில்லிமீட்டர் வரை குழலும் 1,400 கிராம் வரை எடையும் அனுமதிக்கப்படுவதைக் கவனிக்க.

நம் அபிப்பிராயத்தில் அதற்கும் முந்திய படி ஒன்றுண்டு. அது 4.5 மில்லிமீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றது இக்கருவியைக் கொண்டே. உதைப்பும் பேரோசையுமின்றி, மூச்சையும் விரலையும் அடக்க இது கற்பிக்கும். ஆசிரியர் ஒருவரின் கீழ்ச் சில மாதம் இதைப் பழகியவனே ரிவால்வருக்குத் தகுதியானவன்.

மருந்தின் குணத்தை இந்த ஜில்லாவுக்கு நாம் உபதேசிக்க வேண்டியதில்லை. மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புக் கருவி புகலாகாதென்பது பட்டாசுத் தொழிலாளி அறிந்த பாடம். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று 30-க்கு மேற்பட்டோர் மாண்ட துயரமும் நினைவில் உளது. அந்த எச்சரிக்கையே சுடுவோனுக்கும் வேண்டும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருதுக. குழல்வாயை மனிதர் பக்கம் திருப்பற்க. குறி நிலைக்குமுன் விசையில் விரல் வையற்க.

இவற்றைக் கற்பிக்க, ஏழை வாலிபனும் அணுகத்தக்க சுடுகளங்கள் ஜில்லாதோறும் வேண்டும். அவையின்றி லைசென்ஸ் மட்டும் வழங்கினால், துப்பாக்கி செல்வர் வீட்டு அலங்காரமாகும். கல்யாண வீட்டில் வானத்தை நோக்கி வெடிக்கும் ஆபத்தாகும். அந்நியன் நம்மை நம்பாமல் ஆயுதத்தை மறுத்தான். நம்பிக்கைக்கு நாம் பாத்திரரென்று காட்டும் பொறுப்பு இப்போது நம்முடையது. வாலிபர்காள், கருவியைத் தேடுமுன் ஆசிரியரைத் தேடுங்கள்!