பழைய விடையை நம்பலாமோ?

கணிப்பொறி நிரலொன்று தன் காரியத்தை முடிக்கும்பொருட்டுப் பிற நிரல்களைக் கட்டளையிட்டு ஏவுவது இக்காலத்து வழக்கம். அவை கொணர்ந்த விடையை அது தன்னிடமே சேமித்து வைத்துக்கொண்டு, மறுமுறை அதே வினா எழுங்கால் சேமித்ததையே எடுத்து வழங்கும். இச்சேமிப்பைக் 'கேஷ்' என்பர். இதனாற் காலம் மிஞ்சுகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும், மெய்ந்நிலை மாறிய பின்னரும் பழைய விடையையே பற்றிநிற்றல் கேட்டிற்கு வழியாம் என்பது நம் துணிபு.

லினக்ஸ் கணிப்பொறிகளில் வழங்கும் 'பாஷ்' என்பது, ஒரு கட்டளை எவ்விடத்தில் உள்ளதென முதன்முறை தேடியறிந்து நினைவிற் கொள்ளும். அதன் புதுப்பதிப்பை உடனே வேறிடத்தில் நிறுவினாலும், அந்நினைவை அழிக்குமளவும் பழையதையே அது ஓட்டக்கூடும். இங்கு நேர்வது சிறு தொல்லையே. கடற்கரையிலோ உயிரே பணயமாகும்.

தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு முதலிய ஊர்களின் மீனவர்க்கென நம் மாணாக்கர் ஒருவர் கைப்பேசி நிரல் எழுதுவதாகக் கொள்வோம். அது வெளிக்கட்டளையொன்றை ஏவி, ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அறிக்கையைப் பெறுகின்றது. 2007 முதல் சுனாமி எச்சரிக்கை நிலையமும் அங்கேயே இயங்கி வருகின்றது. நிரல், காலையிற் பெற்ற அறிக்கையை மாலையளவும் காட்டி நின்றால் அதனாற் பயனென்ன?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையத்தின் முதல் அறிக்கை அதன் அளவை 8.0 என்றது. ஏறக்குறைய ஐம்பது நிமிடங் கழித்து வந்த இரண்டாம் அறிக்கை 8.5 என்றது. பின்னர் அறுதியிட்டதோ 9.1. நம் கரைக்கு அன்று எச்சரிக்கை எதுவும் எட்டவில்லை. 9 மணியளவில் அலையே வந்தது. இன்று எச்சரிக்கை எட்டும். எனினும், முதல் அறிக்கையைச் சேமித்துக்கொண்டு இரண்டாவதைக் கேளாத நிரல், எட்டியதையும் எட்டாததாக்கிவிடும்.

ஒவ்வொரு முறையும் கேட்டால் தாமதமாகுமே, செலவு மிகுமே என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஊர்ப்பெயரும் கரையின் வரைபடமும் நெடுநாள் சேமிக்கத் தக்கனவே. அலையின் உயரமும் எச்சரிக்கையும் அத்தகையன அல்ல. ஆதலின் எதைச் சேமிப்பது, எத்துணைக் காலம் சேமிப்பது என்பதைப் பொருளின் மாறுந்தன்மையும் பிழையால் விளையும் கேடுமே தீர்மானித்தல் வேண்டும்.

நிரல் எழுதுவார்க்கு நாம் வேண்டுவன மூன்று. நிலையை மாற்றவல்ல கட்டளையை ஏவியவுடன், அதுபற்றி முன்பு பெற்ற விடையை அழித்துவிடுக. பிறர் கையாலும் நிலை மாறுமாதலின், ஒவ்வொரு விடையோடும் பெற்ற நேரத்தைக் குறித்து, தவணை கடந்ததும் மீண்டும் கேட்க. கேட்டும் விடை வாராதாயின், பழையதைப் புதியதெனக் காட்டாது, அது எந்நேரத்ததென வெளிப்படக் கூறுக.

மூன்றாவதையே பலரும் மறக்கின்றனர். தொடர்பு அறுபடுவது பெரும்பாலும் புயற்காலத்திலன்றோ? அவ்வேளையில், 'இது காலை ஆறு மணிச் செய்தி' என்னும் ஒருவரி, படகைக் கடலில் இறக்க எண்ணுவானை நின்று சிந்திக்கச் செய்யும். அவ்வரியை எழுதும் பொறுப்பு நிரல் செய்தவனையே சாரும்.