இரண்டு மேசைகள் எதற்கு?

சென்ற வாரம் எங்கள் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். வந்தவர்களுக்கும் படம் போட்டவர்களுக்கும் நன்றி. ஆனால் ஒரு பிழையை ஆசிரியர்களாகிய நாங்களே சொல்லியாக வேண்டும்.

வாசலுக்கு நேரே "விஞ்ஞானம்" மேசை. அதில் மூன்று எரிமலை. மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் மூன்று எரிமலை! ரெஜிபோம், பெயின்ற், அப்பச்சோடா, வினாகிரி. பொங்கி வழிந்ததும் எல்லோரும் கைதட்டினோம். "ஏன் மகன் நுரைக்குது?" என்று கேட்டதற்குப் பிள்ளை வாப்பாவின் முகத்தைப் பார்த்தான். செய்தது வாப்பாதான் என்று எங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் முன்னால் வைத்தோம்.

மற்ற மேசை மூலையில். "கிராமியக் கலை, பழைய பொருட்கள்". நீத்துப்பெட்டி, கடகம், சுளகு, ஒரு கொக்குப் பட்டம். பக்கத்தில் நாங்களே எழுதி ஒட்டிய அட்டை: "தொட வேண்டாம்".

அந்தப் பட்டத்தை நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் கையாலேயே கட்டி, விண்ணும் பூட்டியிருந்தான். "நாரை இறுக்கினா கீச்செண்டு கூவும் ரீச்சர், அகல நாரெண்டா தடிச்ச சத்தம்" என்றான். அதிர்வு, இழுவிசை என்று பிறகு படிக்கப்போவதை அவன் ஏற்கெனவே காதால் படித்திருக்கிறான். அவனை ஏன் விஞ்ஞான மேசையில் இருத்தவில்லை? நீத்துப்பெட்டியும் அப்படித்தான். கூம்பைப் பானை வாயில் செருகிவிட்டால் நீராவி பின்னல் இடைவெளியால் புகுந்து மாவுக்குள்ளால்தான் மேலே வர வேண்டும். பிட்டு அவிவது அதனால்தான். இது கலையா, விஞ்ஞானமா?

வினாகிரியை விடச் சொல்லவில்லை. பள்ளிக்கூட வளவில் கிடக்கும் வெள்ளைக் கல்லை இடித்து, அந்தத் தூளில் ஊற்றிப் பாருங்கள். அங்கும் குமிழி வரும். எரிமலையில் வந்த அதே காபனீரொக்சைட்டுத்தான். குடாநாட்டின் பெரும்பகுதி இந்தச் சுண்ணாம்புக் கல்லின்மேல்தான் இருக்கிறது. மழைநீரிலுள்ள மெல்லிய அமிலம் காலங்காலமாக அதைக் கரைத்து உண்டாக்கிய வெடிப்புகளிலும் குகைகளிலும்தான் எங்கள் தண்ணீர் நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கரையோரக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். வற்றாத ஆறொன்றும் இல்லாத ஊரில் பிள்ளை முதலில் தெரிய வேண்டியது இதையல்லவா? "ஸ்கொலர்ஷிப்புக்கு இது வருமா?" என்று ஒரு தாய் கேட்டார். வராவிட்டாலும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தானே என்றோம். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இது இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவை. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ் நகரை விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அந்த அவசரத்தில் நீத்துப்பெட்டியை யார் நினைப்பார்கள்? புத்தளத்தில் பிறந்து வளர்ந்து திரும்பி வந்த தாய் தகப்பனுக்கே இந்த மண் புதிது. கண்காட்சிக்கு வந்த உம்மம்மா ஒருவர் எங்கள் அட்டையைச் சட்டை செய்யாமல் நீத்துப்பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்து, "இஞ்ச பாருங்க, இந்த முனையிலதான் தொடங்கிறது" என்று பேத்திக்குக் காட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பதினைந்து பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். எரிமலைகளுக்குப் பக்கத்தில் அப்போது ஒருவருமில்லை.

அட்டையை அன்றைக்கே கழற்றிவிட்டோம். அடுத்த முறை ஒரே மேசைதான், வீட்டில் செய்து கொண்டுவருவதும் இல்லை; எல்லாம் வகுப்பறையிலேயே, பிள்ளைகளின் கையால். கோணலாக வந்தால் கோணலாகவே வைப்போம். அந்த உம்மம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சார்வோலை தரக்கூடியவர்கள் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.